சத்தம் ஓரிடம், ஓட்டை ஓரிடம்

பெயின்ட்பால் துப்பாக்கி ரிப்பேருக்கு வரும்போது கூடவே தீர்ப்பும் வந்துவிடும். "அண்ணே, பேரல் போயிடுச்சுண்ணே. புதுசா மாத்திக் குடுத்துடுங்க" என்பான் திடலில் வேலை செய்கிற பையன். பேரல் பக்கம் புஸ்ஸென்று சத்தம் வருகிறது, ஆகவே பேரல்தான் குற்றவாளி. பேரல் என்பது இரண்டு பக்கமும் திறந்த வெறும் குழல். அதில் அடைத்து வைக்கவும் ஒன்றுமில்லை, ஒழுகவும் ஒன்றுமில்லை. காஸ் தப்புகிற இடம் அதற்குப் பின்னால், வால்வுக்குள், சட்டைப் பொத்தான் அளவே இருக்கும் 'கப் சீல்' என்ற வில்லையில் இருக்கும். சத்தம் கேட்பது காற்று வெளியே வருகிற வாசலில். ஓட்டை இருப்பது அது புறப்பட்ட இடத்தில். இந்த வேலையில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வீணாவதுதான்.

நான் பழகியது ஏ.சி., ஃபிரிட்ஜ் வேலை. அதற்குப் புதுச்சேரிக் கரையில் உள்ள எங்கள் கனகசெட்டிக்குளம் தோதான ஊர். கடற்கரையை ஒட்டி ஏ.சி. மாட்டினால் வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் சில வருடத்தில் மாவாக உதிரும், செப்புக் குழாயில் ஊசித்துளை விழும், காஸ் போகும், என்னைக் கூப்பிடுவார்கள். உப்புக் காற்று இருக்கும்வரை எனக்கு வேலை உண்டு. ஈசிஆர் ஓரம் ரிசார்ட்டுகளும் விளையாட்டுத் திடல்களும் முளைத்தபோது, ஏ.சி. பார்க்கப் போன ஓரிடத்தில் மேனேஜர் ஒரு சாக்குப்பையை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே சாயம் காய்ந்துபோன துப்பாக்கிகள். "மாஸ்டர், இதுவும் காஸ் லீக்தானே, பாருங்களேன்" என்றார்.

காஸ் லீக்தான். ஆனால் 410ஏ காஸ் ஓடும் ஏ.சி.யில் வெயில் காலத்தில்கூட சதுர அங்குலத்துக்கு 400, 450 பவுண்டு அழுத்தம்தான் இருக்கும். இந்தப் பொம்மையின் கார்பன் டை ஆக்சைடு பாட்டிலில் மிதமான வெப்பத்திலேயே 850. பொம்மை என்ற நினைப்பு அன்றோடு போயிற்று.

உண்மையில் அது பிறந்ததே விளையாட்டுக்காக அல்ல. காட்டில் வெட்டவேண்டிய மரத்துக்கும் மந்தையில் பிரிக்கவேண்டிய மாட்டுக்கும் தூரத்திலிருந்தே சாயக் குறி போட, அமெரிக்காவில் நெல்சன் பெயின்ட் கம்பெனி விற்ற கருவி நெல்ஸ்பாட் 007. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் ஹெனிக்கர் என்ற ஊரில் பன்னிரண்டு பேர் அதை வைத்துக்கொண்டு காட்டுக்குள் கொடி தேடி விளையாடினார்கள். இந்த விளையாட்டு அங்கே தொடங்கியது. இன்று நம் பக்கத்துத் திடல்களில் நான் அதிகம் பார்ப்பது டிப்மன் 98 மாடலும், அதைப் பார்த்துச் செய்த மற்றவையும்தான். முரட்டு வேலைப்பாடு, குறைந்த பாகங்கள். கழற்றிப் பூட்ட இரண்டு மூன்று ஆலன் கீ போதும். மின்சார வால்வு வைத்த விலை உயர்ந்த வகைகள் போட்டி ஆடுபவர்களிடம் உண்டு. வாடகைத் திடலுக்கு அவை ஒத்துவராது.

லீக் பார்க்க உட்காருமுன் காஸ் போகும் வழியை மனதில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பாட்டிலின் தலையில் ஓர் ஊசி வால்வு. பாட்டிலைத் துப்பாக்கியின் அடியில் உள்ள அடாப்டரில் திருகும்போது அந்த ஊசி அமுங்கி காஸ் வெளியே வரும். அங்கிருந்து கம்பி பின்னிய ஹோஸ் வழியாக உடம்புக்குள் இருக்கும் வால்வு அறைக்குப் போகும். அங்கே கப் சீல் அதை மறித்து நிற்கும். பின்னால் ஒரு சிறு ஸ்பிரிங் அதை அழுத்தும். காஸின் அழுத்தமும் சேர்ந்து அழுத்தும். டிரிகரை இழுத்தால் சுத்தியல் விடுபட்டு, பெரிய ஸ்பிரிங்கின் வேகத்தில் பாய்ந்து வால்வின் ஊசியில் மோதும். கப் சீல் ஒரு நொடிக்கும் குறைவாகத் திறக்கும். அந்த இடைவெளியில் தப்பும் காஸில் ஒரு பங்கு முன்னால் போய்ச் சாய உருண்டையைத் தள்ளும், மறுபங்கு பின்னால் போய்ச் சுத்தியலை மறுபடி பின்னுக்கு ஏற்றிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் பகுதி ஒன்று, சுடும்போது மட்டும் அழுத்தம் வரும் பகுதி ஒன்று. பாட்டிலிலிருந்து கப் சீல் வரை முதல் பகுதி. அதற்கப்பால் எல்லாம் இரண்டாவது. சும்மா வைத்திருக்கும்போதே புஸ்ஸென்றால் கோளாறு முதல் பகுதியில், இரண்டாவதில் தேடத் தேவையே இல்லை. சும்மா இருக்கும்போது சத்தமில்லை, ஒரு முறை இழுத்தால் தடதடவென்று தானாகவே நாலைந்து முறை அடிக்கிறது என்றால், சுத்தியலைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய காஸ் வழியில் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் சுத்தியலின் ஓ-ரிங் தேய்ந்திருக்கும். இல்லாவிட்டால் பாட்டில் காலியாகிக்கொண்டிருக்கும். இந்தத் தடதடப்பை 'ஆட்டோமேட்டிக்' ஆகிவிட்டது என்று சந்தோஷப்படும் வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்களிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்குவதுதான் சிரமம்.

கோளாறே இல்லாமல் வரும் லீக்கும் ஒன்று இருக்கிறது. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து மாட்டாமல் பாட்டிலைத் திருகினால், பெரிய ஸ்பிரிங்கின் தள்ளலில் சுத்தியல் வால்வு ஊசியின்மேல் சாய்ந்தே நிற்கும். காஸ் மெல்ல மெல்ல நுழைகிறது, கப் சீலை அழுத்தி மூட அதற்குப் பலம் வருமுன் பேரல் வழியே ஓடிவிடுகிறது. பையன்கள் பயந்து பாட்டிலைக் கழற்றிவிட்டு எனக்கு போன் போடுவார்கள். "தம்பி, மொதல்ல காக் பண்ணு, அப்புறம் பாட்டிலைத் திருகு" என்பதோடு முடிந்துபோகும். அதற்குப் பில் போட முடியாது. ஆனால் ரிப்பேருக்கு என்று வந்து குவிவதில் இந்த வகையும் கலந்திருக்கும் என்பதால் எந்தத் துப்பாக்கியையும் முதலில் காக் பண்ணிப் பார்க்காமல் நான் திறப்பதில்லை.

பாட்டில் கழுத்தில் சத்தம் வந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஓ-ரிங்தான். இதற்கு 015 என்று எண். உள்விட்டம் 14 மில்லி, கனம் 1.78 மில்லி. நம்மூர் ஹார்டுவேர் கடையில் கேட்டால் 14க்கு 2 எடுத்துக் கொடுப்பார்கள். கைக்கு வித்தியாசமே தெரியாது. போட்டுத் திருகினால் பிதுங்கி ஓரத்தில் அறுந்துவிடும். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளுக்குப் பொருள் கொடுக்கும் ஹைட்ராலிக் கடைகளில் அளவு கிடைக்கும். ஆனால் கறுப்பு நைட்ரைல் ரப்பராக இருக்கும். கார்பன் டை ஆக்சைடுக்கு அது ஆகாது. அந்த காஸ் ரப்பருக்குள்ளேயே ஊறி இறங்கிவிடும். பாட்டிலைக் கழற்றியதும் அழுத்தம் சட்டென்று போக, உள்ளே ஊறியது வெளியேறப் பார்க்க, ரிங் உப்பிப் பள்ளத்தைவிட்டு எழுந்து நிற்கும். அடுத்த பாட்டிலைத் திருகும்போது கடிபட்டுவிடும். யூரிதேன் ரிங் வேண்டும், அதிலும் 90 கடினம் உள்ளது. பாரிமுனையில் சொல்லி வைத்து மொத்தமாக வாங்கிவிடுவேன். ஒரு பெரிய திடலுக்கு ஒரு சீசனுக்கு ஒரு கைப்பிடி ரிங் போதும், விலை ஒரு வேளைச் சாப்பாட்டைவிடக் குறைவு. அதை வாங்கி வைக்காமல் ஒரு சனிக்கிழமை வருமானத்தை இழந்த முதலாளிகள் உண்டு.

ஓ-ரிங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937இல் விண்ணப்பித்து 1939இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே டிராம் வண்டிகளுக்குக் காற்று பிரேக் செய்தவர், ஆகவே கசிவோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர். அவர் கண்டது இதுதான்: ரிங் உட்காரும் பள்ளம் ரிங்கைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால், அழுத்தம் வரும்போது ரிங் எதிர்ப்பக்க மூலைக்குத் தள்ளப்பட்டு, வெளியேற இருக்கும் சந்தில் போய் அழுந்தும். அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகும். இதைத் தெரிந்துகொண்டால் நோய் பார்ப்பது எளிது. பாட்டில் நிறைய இருக்கும்போது சத்தமில்லாமல், காலியாகும்போது கசிந்தால், ரிங் தட்டையாகி இறுகிப் போயிருக்கிறது, மாற்ற வேண்டும். நிறைய இருக்கும்போதே சீறினால் அறுந்திருக்கிறது அல்லது அளவு தப்பு. கப் சீலுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு.

பாட்டில் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றிக் கொண்டுவருவார்கள். அந்த மரை பிடித்து நிறுத்த மட்டுமே, அடைப்பது ரிங். எத்தனை சுற்று சுற்றினாலும் ஒரு பலனும் இல்லை. ஹோஸ் முனைகளில் உள்ள சரிவு மரைக்கு டேப் பொருந்தும், ஆனால் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் டேப்பின் பிசிறு காஸோடு ஓடிப்போய் கப் சீலின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஹோஸ் லீக்கை அடைத்து பேரல் லீக்கை வாங்கியதுதான் மிச்சம். நான் திரவ சீலன்ட்தான் தடவுவேன். ஒரு நாள் காய வேண்டும். அந்தப் பொறுமைதான் திடல்காரர்களுக்குக் கிடையாது.

கண்டுபிடிக்கும் முறை ஏ.சி. தொழிலில் இருந்து வந்ததே. பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய பிரஷால் இணைப்புகளில் தடவினால் நுரை எழும்பும். ஆனால் எங்கள் ஊரில் கடல் இரைச்சலும் காற்றும் சேர்ந்தால் சின்னச் சீறல் காதில் விழாது, நுரையும் நிற்காது. ஒரு முழ நீளம் மீன்தொட்டி டியூப் வைத்திருக்கிறேன். ஒரு முனை காதில், மறுமுனையை இணைப்புகள் மேல் நகர்த்திக்கொண்டே போனால் எந்த ஓரம் என்பதுவரை சொல்லிவிடும். பாட்டிலை மட்டும் தனியாகச் சந்தேகப்பட்டால் அதன் தலையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தலாம். துப்பாக்கியை அமிழ்த்தக் கூடாது. ராத்திரி முழுக்கக் கசியும் மெல்லிய லீக்குக்கு நுரையும் உதவாது. அதற்கு மளிகைக் கடைத் தராசு. சாயங்காலம் எடை போட்டு, காலையில் மறுபடி போட்டால் எத்தனை கிராம் போயிற்று என்று தெரிந்துவிடும். அழுத்தமானியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததல்ல. கால் பாட்டிலும் முழுப் பாட்டிலும் ஒரே எண்ணைக் காட்டும்.

இந்த வெப்பக் கணக்குதான் நம் கரையில் பெரிய தொல்லை. 21 டிகிரியில் 850 பவுண்டு. 31 டிகிரியைத் தாண்டினால் பாட்டிலுக்குள் திரவம் என்று தனியாக ஒன்று இருக்காது, எல்லாம் ஒரே அடர்ந்த காஸ். அந்த எல்லையிலேயே அழுத்தம் 1,070 பவுண்டு. அதற்குமேல் எவ்வளவு ஏறும் என்பது எவ்வளவு நிரப்பினீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தத் துப்பாக்கிகள் உருவான நாட்டில் 31 டிகிரி என்றால் நல்ல வெயில். நமக்கு மார்ச் மாதமே அது சாதாரணம், கத்திரியில் நிழலிலேயே 38, 40 வரும். எடை பார்க்காமல் வழிய வழிய நிரப்பிய பாட்டிலை மணலில் வெயிலில் போட்டால், வால்வின் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்புத் தகடு கிழிந்து மொத்த காஸும் ஒரே மூச்சில் போகும். பாட்டிலே வெடிக்காமல் இருக்கத்தான் அந்தத் தகடு. கிழிந்தால் அது தன் வேலையைச் செய்தது என்று அர்த்தம். அதைக் கழற்றிவிட்டு ஒரு போல்ட்டை இறுக்கி அடைத்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டிலைத் தொடவே மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன்.

கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக மாட்டும் அழுத்தக் காற்று டாங்கில் இந்த வெப்பக் கூத்து குறைவு. புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி வந்தபிறகு அதை நிரப்பும் கம்ப்ரஸர் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 3,000 அல்லது 4,500 பவுண்டு வரை நிரப்பி, தலையில் உள்ள ரெகுலேட்டர் அதை 800 சுமாருக்கு இறக்கிக் கொடுக்கும். இங்கேயும் லீக்கின் இடம் நோயைச் சொல்லும். ரெகுலேட்டரின் பக்கத்தில் உள்ள சின்ன மூச்சுத் துளையில் காற்று வந்தால் உள்ளே பிஸ்டனின் ஓ-ரிங். நிரப்பும் நிப்பிளில் வந்தால் உள்ளே மணல் துகள்; ஒரு முறை நிரப்பிக் கழற்றினாலே சில சமயம் அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த நிப்பிளில் எண்ணெய் விடவே கூடாது. அவ்வளவு அழுத்தத்தில் காற்று பாயும்போது எழும் சூட்டில் எண்ணெய் தீப்பிடிக்கும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமல் எரிவதும் இதே விதிப்படிதான்.

எண்ணெய் என்றதும் நினைவுக்கு வருகிறது. கார்பன் டை ஆக்சைடுத் துப்பாக்கிக்கு அடாப்டரில் சில சொட்டு மார்க்கர் ஆயில் விடுவது நல்ல பழக்கம். அது கிடைக்காதபோது நம் ஆட்கள் கையில் இருப்பதை விடுவார்கள். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்த துப்பாக்கி ஒன்று. "தலைக்கே நல்லது, இதுக்கு ஆவாதாண்ணே?" என்று கேட்டான் பையன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சுடச்சுட காஸ் விரிந்து வால்வைக் குளிர வைக்கும், வேகமாகச் சுட்டால் வெளியே பனி பூக்கும். உள்ளே இருந்த எண்ணெய் வெள்ளைக் கட்டியாகி கப் சீலை மூடவிடாமல் பிடித்திருந்தது. வெயிலில் வைத்தால் லீக் நின்றுவிடும், விளையாடினால் திரும்ப வரும். இந்த மர்மம் அவர்களை ஒரு மாதம் அலைக்கழித்திருக்கிறது. பெட்ரோலில் பாகங்களைக் கழுவுவது இன்னொரு மெக்கானிக் பழக்கம். இரும்புக்குச் சரி, ரிங்குகள் ஊறிப் பெருத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். உருண்டைக்குள் இருக்கும் சாயம் தண்ணீரில் கரையும், தோல் வெறும் ஜெலட்டின்.

கப் சீலைத் திறந்து பார்த்தால் எங்கள் ஊரின் சரித்திரமே அதில் இருக்கும். நடுவில் வட்டமாக வால்வு பதிந்த தடம், அதன் குறுக்கே ஒரு மெல்லிய கீறல், கீறலின் ஓரத்தில் மின்னும் ஒரு மணல் துகள். கடற்கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், பித்தளையையே கீறும், இந்த வில்லை எம்மாத்திரம். அழுக்குதான் என்றால் துடைத்துப் போடலாம். கீறல் நகத்தில் தட்டுப்பட்டால் மாற்றவேண்டியதுதான். வில்லை புதியது, லீக் பழையபடியே என்றால் அது உட்காரும் பித்தளை விளிம்பைப் பாருங்கள். தழும்பு அங்கே இருக்கும். உப்பு வேறு விதமாக வேலை செய்யும். அலுமினிய உடம்பில் இரும்பு ஸ்க்ரூ, நடுவில் உப்பு ஈரம் என்றால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் திறக்காமல் விட்ட துப்பாக்கியில் ஸ்க்ரூவின் தலை உருண்டுபோகுமே தவிரக் கழலாது. ஆகவே லீக் இருக்கிறதோ இல்லையோ, ஐப்பசிக்கு முன் ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மரையில் கிரீஸ் தொட்டு மாட்டச் சொல்வேன்.

வேலை முடிந்த துப்பாக்கிகளை வண்டியில் வைத்துக்கொண்டு வடக்கே போவது தனிக்கதை. ஈசிஆரில் புதுச்சேரியிலிருந்து கிளம்பினால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு, பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி, எங்கள் ஊரைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன துண்டுக் கணக்கு அது. எல்லையில் எந்தப் பை கலகலத்தாலும் மது பாட்டிலா என்று பார்ப்பது சோதனைச் சாவடிப் போலீஸின் கடமை. என் பையில் பாட்டிலோடு துப்பாக்கியும் இருக்கும். காலப்போக்கில் முகம் பழகிவிட்டது.

லீக்கைச் சரிசெய்ததும் வேலை முடிந்ததாக எண்ணுகிறவர்கள் அதிகம். முடியவில்லை. கசிந்துகொண்டிருந்த காலத்தில் உருண்டை மெதுவாகப் போகிறதே என்று யாராவது வேக ஸ்க்ரூவை முடுக்கி வைத்திருப்பார்கள். இப்போது காஸ் முழுதாக வரும். உருண்டை வெறிகொண்டு பாயும். உலகம் முழுக்கத் திடல்கள் நொடிக்கு 300 அடிக்குமேல் விடுவதில்லை, பல இடங்களில் 280தான். கண் முகமூடிகள் அந்த வேகத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் வேகமானி முன் சில குண்டு சுட்டுப் பார்த்தே திருப்பிக் கொடுப்பேன். வேகமானி இல்லாத திடல்களுக்கு நான் வேலை செய்வதில்லை. அதில் வருமானம் குறைந்ததுண்டு, வருத்தமில்லை.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டிய இடம் பாட்டிலும் வால்வும் சேரும் கழுத்து. துப்பாக்கியிலிருந்து பாட்டிலைக் கழற்றும்போது வால்வும் சேர்ந்து சுற்ற வேண்டும். வால்வு அடாப்டரிலேயே இறுகி நின்று பாட்டில் மட்டும் சுற்றினால், சில சுற்றில் கழுத்து விட்டுப்போய் பாட்டில் ராக்கெட்டாகப் பறக்கும். அமெரிக்காவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. தடுக்க ஆகும் செலவு ஒரு நெயில் பாலிஷ். வால்விலிருந்து பாட்டில் உடம்புவரை ஒரே கோடாகத் தீட்டி வையுங்கள். கழற்றும்போது கோடு முறிந்து விலகினால் அங்கேயே நிறுத்தி, பழையபடி திருகி இறுக்குங்கள். பேரலில் குண்டு இல்லாமல், மனிதர் இல்லாத பக்கம் பார்த்துச் சுட்டுச் சுட்டுக் காலியாக்கிவிட்டுப் பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள். என் வீட்டில் இந்தக் கோடு போடவே ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் இருக்கிறது. என் மகள் அதைத் தொடக் கூடாது என்பது சட்டம்.

விளையாடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் பாட்டிலின் தோளில் அல்லது கழுத்தில் அடித்திருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் நீர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கார்பன் நார் சுற்றிய காற்று டாங்காக இருந்தால் தயாரித்தவர் அச்சிட்ட ஆயுள் காலமும் உண்டு, பெரும்பாலும் 15 ஆண்டு. தேதி தாண்டியிருந்தால், அல்லது பெயின்ட் அடித்துத் தேதியே மறைந்திருந்தால், வேறு பாட்டில் கேளுங்கள். தர மறுத்தால் அன்றைக்கு விளையாட வேண்டாம்.